அண்ணனுக்கு, அந்தப் புத்தகப்பை பற்றி

அண்ணா,

மகளுக்கு அடுத்த வாரம் ஏழு வயது நிறைகிறது. கடையில் நீ அவளுக்குப் புத்தகப்பை வாங்கிக் கொடுத்ததைப் பற்றி அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றிருந்தேன். போனில் தொடங்கினால் "சரி, விடு" என்பாய், நானும் விட்டுவிடுவேன். பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது, தெரியும். இதே சிக்கலில் இருக்கும் வேறு அம்மாக்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்குள் நுழையும் முன்பே அவளும் நானும் பேசி முடித்திருந்தோம். இது உனக்குத் தெரியாது. பழைய பையின் ஜிப் நன்றாக இருக்கிறது, வார் அறுந்துபோகவில்லை, இந்த ஆண்டுக்கு அது போதும். பொம்மைப் படம் போட்ட பைதான் வேண்டும் என்றால் அவள் வாரக் காசைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அவளும் ஒப்புக்கொண்டாள். உள்ளே போனதும் அந்தப் பையின் முன்னால் நின்று, படத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "இன்னும் எத்தனை வாரம் சேர்க்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதே நீ பணத்தைக் கட்டிவிட்டாய். உன்னைக் கட்டிக்கொண்டவள், உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு எதற்கு எண்ணச் சொன்னாய் என்ற பார்வை அது.

நீ வாங்கியிருக்கக் கூடாது என்று அண்ணி முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதனால் உனக்குத் தலைகுனிவு நேர்ந்ததற்கு மன்னித்துக்கொள். சொன்ன சொல்லை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. சின்னக் குழந்தைகளிடம், இதைவிட நல்ல வண்ணப் பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருவர் வெளியே போகிறார். சிலருக்குக் கொண்டுவந்தார், சிலரிடம் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு ஓர் இனிப்பை வைத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடி கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். பிள்ளையின் பொறுமை பெரியவர்களின் சொல்லையும் நம்பியிருக்கிறது, அண்ணா. சொன்னது வராமல் போனால் மட்டும்தான் அந்தச் சொல் கெடும் என்றில்லை. அம்மா காத்திரு என்னும்போதே மாமா வாங்கிக் கொடுத்தாலும் கெடும்.

நாம் வளர்ந்த கதை இங்கே வேண்டாம். எனக்காக நீ எதையெல்லாம் விட்டுக்கொடுத்தாய் என்பதில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. அவள் கேட்கும் முன்பே உன் கை சட்டைப்பைக்குப் போவது ஏன் என்றும் தெரியும். ஆனால் நமக்குக் கிடைக்காததற்கெல்லாம் என் மகள் மருந்தில்லை.

நான் அந்தப் பையை வாங்கித் தராததைக் கஞ்சத்தனம் என்றாய். இல்லை. நமக்கு ஆசைப்படுவதே குற்றம்போல் இருந்தது. இன்றும் எனக்கென்று ஒன்று வாங்கினால் யாருக்கோ கணக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. அது அவளுக்கு வேண்டாம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, போதிய வாழ்க்கைத் தரத்தை 27ஆம் பிரிவில் உரிமை என்கிறது. விளையாட்டையும் 31ஆம் பிரிவில் உரிமை என்றே சொல்கிறது. அதனால் பொம்மையெல்லாம் வீண் என்று அவளிடம் சொல்ல மாட்டேன். பை தேவை, பையின் மேல் இருக்கும் படம் ஆசை. ஒரே பொருளுக்குள் இரண்டும் இருப்பதை அவள் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

இப்போது சேர்த்த காசைத் தொடுவதில்லை. எதைப் பார்த்தாலும் "மாமா வாங்கித் தருவார்" என்கிறாள்.

அந்தப் பை அவளுடையதுதான், பிடுங்கமாட்டேன். பிறந்தநாளுக்கும் உன் இஷ்டம்போல் வாங்கி வா, பரிசு பரிசுதான். மற்ற நாட்களில் தேவையானதை நான் வாங்குகிறேன், ஆசைப்பட்டதை அவள் காசில் அவள் வாங்கட்டும். வாங்கிய மறுநாளே சலித்துப்போனாலும் அதை ஈடுகட்ட நான் வரமாட்டேன், நீயும் வரக் கூடாது. நீயே அவளைக் கடைக்கு அழைத்துப் போ. எதை எடுப்பது, எதை விடுவது என்று தவிக்கும்போது பக்கத்தில் நில், பர்ஸை மட்டும் எடுக்காதே. முடியாது என்றால் என்னிடம் நேராகச் சொல். அண்ணியிடம் சொல்லி அனுப்பாதே.

உன் தங்கை