ஆட்சி மாறினால் கண்காணிப்பும் இனிக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க உளவுச் சட்டம் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, டிரம்பின் 2016 தேர்தல் பிரசார ஆலோசகர் கார்ட்டர் பேஜ் கண்காணிக்கப்பட்ட விவகாரத்தையும், வெளிநாட்டவரைக் கண்காணிக்கும் 702-ஆம் பிரிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. இரண்டும் 'ஃபைசா' என்ற வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்துக்குள் வருபவைதான். ஆனால் வழி வேறு.

பேஜ் கண்காணிக்கப்பட்டது 1978-இலிருந்து இருக்கும் பழைய வழியில்: ஆளின் பெயரைச் சொல்லி, காரணம் காட்டி, ரகசிய நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். 2016 அக்டோபரில் வாங்கிய உத்தரவு மூன்று முறை நீட்டிக்கப்பட்டது. (அதற்குள் அவர் டிரம்ப் பிரசாரக் குழுவை விட்டு விலகிவிட்டார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.) அந்த மனுக்களில் 17 பெரிய பிழைகளும் மறைப்புகளும் இருந்ததாக நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2019-இல் அறிக்கை தந்தார்.

2008-இல் வந்த 702-இல் தனிநபர் உத்தரவே கிடையாது. விதிமுறைகளுக்கு மட்டும் நீதிமன்றம் ஆண்டுதோறும் ஒப்புதல் தரும். யாரைக் கண்காணிப்பது என்பதை உளவு அமைப்பே முடிவு செய்யும். அவர் அமெரிக்கர் அல்லாதவராக, வெளிநாட்டில் இருப்பவராக இருக்க வேண்டும்; அவரிடமிருந்து வெளிநாட்டு உளவுத் தகவல் கிடைக்கும் என்ற காரணமும் வேண்டும், அவ்வளவுதான். 2023-இல் இப்படிக் குறிவைக்கப்பட்டவர்கள் 2,68,590 பேர். அவர்களோடு பேசிய அமெரிக்கர்களின் செய்திகளும் அதே தகவல் கிடங்கில் சேரும். உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அந்தக் கிடங்கில் ஓர் அமெரிக்கரின் பெயரையோ மின்னஞ்சலையோ தட்டி, வாரன்ட் (நீதிமன்ற அனுமதி ஆணை) இல்லாமல் தேடலாம். சண்டை முழுக்க இந்தத் தேடலைப் பற்றியதுதான்.

தவறு எங்கே நடந்தது? 2021 நடுப்பகுதி வரை, அதிகாரி வேண்டாமென்று விலக்காவிட்டால் தேடல் தானாகவே 702 கிடங்குக்குள்ளும் போனது. பிறகு, வேண்டுமென்றால் மட்டும் தேர்ந்தெடுக்கும்படி மாற்றினார்கள். 2021-இல் 29 லட்சத்தைத் தாண்டிய அமெரிக்கர் தேடல், 2023-இல் 57,094-ஆக விழுந்ததற்கு இந்தச் சின்ன மாற்றம் ஒரு முக்கியக் காரணம். முறைகேடாகத் தேடப்பட்டவர்களில் 2020 இனவெறி எதிர்ப்புப் போராட்டங்களில் கைதான 133 பேர் உண்டு. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரத்தில் சந்தேகிக்கப்பட்டவர்கள் உண்டு. ஒரு வேட்பாளருக்கு நன்கொடை தந்த 19,000 பேரும் உண்டு. எந்தக் கட்சிக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

ஆனால் கட்சிகளின் கோபம் ஆட்சியைப் பொறுத்தது. பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பின்படி 2006-இல், புஷ் காலத்தில், என்.எஸ்.ஏ. என்ற உளவு அமைப்பின் கண்காணிப்பை ஏற்றுக்கொண்ட குடியரசுக் கட்சியினர் 75%, ஜனநாயகக் கட்சியினர் 37%. ஒபாமா காலத்தில், 2013-இல், அது முறையே 52%, 64%. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

2024 ஏப்ரல் 12 அன்று, 702 கிடங்கில் அமெரிக்கரைத் தேட வாரன்ட் கட்டாயம் என்ற திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் 212-க்கு 212 என்று சமநிலையில் தோற்றது. ஆதரித்தவர்களில் 128 பேர் குடியரசுக் கட்சி, 84 பேர் ஜனநாயகக் கட்சி. இதைக் கட்சிக் கோடு போட்டு விளக்கவே முடியாது.

கட்டுரை தொடாத ஒன்று: ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்து அந்தத் திருத்தம் வென்றிருந்தாலும், மதுரையிலிருந்து போகும் ஒரு ஜிமெயிலுக்கு எதுவும் மாறியிருக்காது. அந்த வாரன்ட் அமெரிக்கருக்கு மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை