ராத்திரி வார்டுக்கு இரண்டு செவிலியர் வேண்டும்

நெல்லைச் சீமையில் மனநல வார்டுகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் ராத்திரி ஒரு மனநல வார்டில் நோயாளி ஒருவரின் கையைக் கட்டிப்போட்டது உங்களுக்குத் தெரியும். விளக்கமும் எழுதி வாங்கிவிட்டீர்கள். எந்த வார்டு, யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பம் ஊருக்குள் நடமாட வேண்டும். கட்டிப்போட்ட அந்தக் கையைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

கட்டியது புண்ணுக்குச் சுற்றும் காஸ் துணியால். அவர் இழுக்க இழுக்கத் துணி கயிறாகத் திரிந்து மணிக்கட்டில் இறங்கும். வியர்வை ஊறினால் முடிச்சு அவிழவே அவிழாது. விரல் வீங்கும், நீலம் பாரிக்கும், மரத்துப்போகும். நரம்பு விடிய விடிய நசுங்கினால் அந்த மரமரப்பு வாரக்கணக்கில் விடாது.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு முறை இருக்கிறது. ஐந்து பேர் வேண்டும்: கைகாலுக்கு நால்வர், தலைமாட்டில் நின்று பேச ஒருவர். பஞ்சு வைத்த அகலப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைக் கட்டில் சட்டத்தில் போட வேண்டும். ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் போட்டால், கம்பி இறங்கும்போது கை முறுக்கிக்கொள்ளும். குப்புறப் போட்டால் மூச்சு முட்டும். ஊசி மயக்கத்தில் வாந்தி வந்தால் புரையேறும் என்பதால் தலைமாட்டை உயர்த்த வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்காவிட்டால் கட்டைத் தளர்த்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கையாக அவிழ்த்து, மடக்கி நீட்டி, தண்ணீர் கொடுத்து, ஒன்றுக்குப் போக வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

ராத்திரி மருந்தும் கொடுத்து, புது அட்மிஷனும் எழுதுகிற ஒற்றை ஆள் இதை எப்படிச் செய்வார்? ஆகவே கேட்கிறோம்: ராத்திரிக்கு மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர் இருவரைப் போடுங்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, ஆள் பற்றாக்குறையைக் காட்டி யாரையும் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டினால் 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, தெரிவிக்க வேண்டும். மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குக் கணக்கு போக வேண்டும். அந்தப் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், நம்ம நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடியில், சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் வெந்தார்கள். ஓட வழியில்லை. பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-லேயே சங்கிலியைக் கழற்றியாயிற்று. கழற்றியவர் என்று மருத்துவர் பினெல் பெயரைத்தான் பாடத்தில் படித்தோம். ஆனால் அங்கே கழற்றியவர் வார்டுப் பொறுப்பாளர் புசேன். அவரும் முன்பு உடல்நோய்க்காக அங்கே நோயாளியாய்க் கிடந்தவர்தான். நோயாளியோடு ராப்பகலாய் இருப்பவரால்தான் கட்டை அவிழ்க்க முடியும்.

இங்கேயோ மனநல வார்டு தண்டனைப் பணியிடம். வேறு வார்டில் ஏச்சு வாங்கியவரை இங்கே தள்ளுகிறீர்கள். குரலைத் தாழ்த்தி, இரண்டு கை தூரம் விலகி, வாசலை மறிக்காமல் நின்று பேசினால் நோயாளிகளில் பலர் கட்டாமலே அடங்குவார்கள் என்பதை அவர் பழகி முடிக்குமுன் மாற்றல் வந்துவிடுகிறது. இது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு இருவர், குறைந்தது ஒரு வருஷம் அதே வார்டில். உத்தரவு வரும்வரை வார்டுக்கு நான்கு பஞ்சுப் பட்டைகளாவது இந்த வாரமே அனுப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியர்கள் சிலர்