42 எழுத்துகளும் சரியாகத்தான் இருந்தன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் கிரிப்டோ எனும் மின்னணு நாணயங்களின் பரிமாற்றம் குறித்து வந்த கட்டுரையில், 'எக்ஸ்சேஞ்ச் மாற்றும்போது பணம் தொலைவதற்கு அனுப்புபவரின் கவனக்குறைவே காரணம். முகவரியை இருமுறை சரிபார்த்தால் போதும்' என்று ஒரு வரி இருந்தது. (எக்ஸ்சேஞ்ச் என்பது கிரிப்டோவை வாங்கி விற்கும் இணையத் தளம்; முகவரி என்பது அங்கே கணக்கு எண் போன்றது.) படித்து மூன்று நாள்களாகியும் மனம் ஆறாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன்; அதில் பெரும்பகுதி பணவிடை (மணி ஆர்டர்) பிரிவில் கழிந்தது. பதிவு அஞ்சல் எண்களை ஒருவர் வாசிக்க மற்றவர் புள்ளி வைத்துச் சரிபார்ப்பது எங்களுக்குக் கையில் ஊறிய பழக்கம். நான் கணக்கு வைத்திருந்த எக்ஸ்சேஞ்ச் ஒன்று, சேவையை நிறுத்தப் போவதாகச் சொல்லி, குறிப்பிட்ட நாளுக்குள் இருப்பை எடுத்துக்கொள்ளும்படி சென்ற ஆண்டு அறிவித்தது. என்னிடம் இருந்த 860 யுஎஸ்டிடியை (டாலர் மதிப்பை ஒட்டிய ஒரு கிரிப்டோ நாணயம்) வேறோர் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றியாக வேண்டியிருந்தது. புதிய எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டு, என் மனைவி கைப்பேசித் திரையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, நான் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். 42 எழுத்துகளும் சரி. அனுப்பினேன். இன்றுவரை பணம் என் கணக்கில் ஏறவில்லை.

நடந்தது இதுதான். யுஎஸ்டிடி என்பது ஒரே பெயரில் பல நெட்வொர்க்குகளில், அதாவது தனித்தனிப் பதிவேடுகள் கொண்ட கணினி வலைப்பின்னல்களில், ஓடும் நாணயம். எத்தீரியத்தில் இஆர்சி-20, ட்ரானில் டிஆர்சி-20, பிஎன்பி செயினில் பிஇபி-20 என்று அதற்கு வெவ்வேறு தடங்கள் உண்டு. ட்ரான் முகவரி 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், அதை எத்தீரியம் தடத்தில் கொடுத்தால் திரையே ஏற்க மறுத்துவிடும். ஆனால் எத்தீரியம் முகவரிக்கும் பிஎன்பி செயின் முகவரிக்கும் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு கிடையாது. இரண்டும் '0எக்ஸ்' என்று தொடங்கும், இரண்டும் 42 எழுத்துகள் கொண்டவை. எனக்குக் கொடுக்கப்பட்டது இஆர்சி-20 முகவரி. அனுப்பும் பக்கத்தில் கட்டணம் குறைவாக இருந்த பிஇபி-20-ஐ நான் தேர்ந்தெடுத்தேன். ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்ற பச்சை நிறச் செய்திதான் வந்தது.

முகவரியை எத்தனை முறை சரிபார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும் என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால், ஓர் எழுத்து பிசகும் தவற்றைப் பெரும்பாலும் மென்பொருளே பிடித்துவிடுகிறது. அதற்கான சோதனைக் குறியீடு முகவரிக்குள்ளேயே இருக்கிறது. எந்திரம் காப்பாற்றும் இடத்தில் எங்களைக் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு, எந்திரம் கைவிடும் இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு செய்தியையும் கட்டுரை சொல்லவில்லை. இப்படிப் போன பணம் பெரும்பாலும் அழிந்துவிடுவதில்லை. கடவுச்சொல் போன்ற ஒரே ரகசியச் சாவிதான் இரண்டு நெட்வொர்க்குகளிலும் அந்த முகவரியைத் திறக்கும். அது சாவியை நானே வைத்திருக்கும் என் சொந்த வாலட்டாக (மின்னணுப் பணப்பை) இருந்திருந்தால், நெட்வொர்க்கை மாற்றிப் பார்த்தவுடன் பணம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரி என்பதால் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. என் 860 யுஎஸ்டிடி அதே முகவரியில் அசையாமல் கிடப்பதை இன்றும் யார் வேண்டுமானாலும் பரிமாற்றங்களைக் காட்டும் பொதுத் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கலாம். 23 நாள்கள் கழித்து வந்த பதில், 'இந்த நெட்வொர்க்கை நாங்கள் ஆதரிப்பதில்லை' என்ற ஒற்றை ஆங்கில வரி. முகவரி தவறிய பணவிடையை அனுப்பியவருக்கே திருப்பிக் கொடுத்து, கையொப்பம் வாங்கிய பின்னரே கோப்பை மூடிய துறையில் வளர்ந்த எனக்கு, அந்த வரியை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

என் மைத்துனருக்கு நேர்ந்தது வேறு வகை. அவர் எக்ஸ்ஆர்பி என்ற வேறொரு நாணயத்தை அனுப்பியபோது டெஸ்டினேஷன் டேக் என்ற எண்ணை விட்டுவிட்டார். எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் போன்றவற்றில் எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் அனைவருக்கும் பொதுவாக ஒரே முகவரியே இருக்கும். டேக் அல்லது மெமோதான் பணம் யாருடையது என்று காட்டும். விடுதியின் பெயரை எழுதி அறை எண்ணை விட்டது போன்றது இது. அவருக்கு இரண்டு மாதம் அலைந்த பிறகு, கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

வங்கியில் பணம் அனுப்புபவருக்கு இந்த நிலை இல்லை. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் செய்துதர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. கிரிப்டோ வைத்திருக்கும் எங்களிடமோ 2022 முதல் லாபத்தில் 30 விழுக்காடு வரியும், விற்கும்போது 1 விழுக்காடு டிடிஎஸ்ஸும் பிடிக்கிறார்கள். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடுவதில்லை. கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. அந்தச் சொத்து வழியில் சிக்கிக்கொண்டால் முறையிட, வங்கி வாடிக்கையாளருக்கு இருப்பதுபோல் எங்களுக்கு ஒரு குறைதீர்ப்பாளர் இல்லை.

தங்கள் இதழின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 2021-இல் விலை ஏறியபோது வாரந்தோறும் 'எதை வாங்கலாம்' என்று எழுதினீர்கள். எப்படிப் பத்திரமாக மாற்றுவது என்று எழுதும்படி அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் பாராட்டிய இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். இப்போது பணம் போனவர்களைப் பார்த்துக் கவனக்குறைவு என்கிறீர்கள். நான் சமூக ஊடகத்தில் புலம்பிய அன்றே, 'மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்' என்று மூவர் தொடர்பு கொண்டார்கள்; ஒருவர் என் வாலட்டைத் திறக்கும் ரகசிய 12 சொற்களையே கேட்டார். தவறு தன்னுடையதுதான் என்று கூனிக் குறுகி நிற்பவர்தான் இவர்களிடம் எளிதில் ஏமாறுவார். 'கவனக்குறைவு' என்ற சொல் என்னை இவ்வளவு வருத்தியதற்கு அதுவே காரணம்.

எனவே அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், அதன் கீழே இந்த நான்கைந்து செய்திகளையாவது தமிழில் தருமாறும் வேண்டுகிறேன். பெறும் எக்ஸ்சேஞ்சில் முதலில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, அதே பெயர் அனுப்பும் பக்கத்திலும் இருந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும். மெமோ அல்லது டேக் கேட்கப்பட்டால் அதை விடக் கூடாது. முதலில் சிறு தொகை அனுப்பி, அது கணக்கில் ஏறிய பிறகே மீதியை அனுப்ப வேண்டும். அந்தச் சிறு தொகை பெறும் இடத்தின் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே இருந்தால் அதுவும் ஏறாது. பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கக் கூடாது, ஏனெனில் முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் ஒத்த போலி முகவரியை மோசடிக்காரர்கள் அங்கே நுழைத்துவிடுகிறார்கள். 2024 மே மாதத்தில் ஒருவர் ஏறத்தாழ 7 கோடி டாலரை அப்படித்தான் அனுப்பிவிட்டார். மோசடி என்று தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இடம் போதாதென்றால் என் கடிதத்தின் மற்ற பகுதிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பற்றிய வரியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர்,
மன்னார்குடி.