கெற்றப்போலால் கோட்டை உடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில், கிரேக்கர் இறப்பர்ப் பட்டியின் இழுவிசையால் கல்லெறிந்து கோட்டைகளை உடைத்தார்கள் என்று ஒரு வரி வந்தது. பக்கத்திலேயே படம்: கவட்டைத் தடி, இரண்டு பட்டி, நடுவில் தோல். எங்கள் ஊர்ப் பொடியன்மார் மாங்காய்க்கு அடிக்கும் அதே கெற்றப்போல். என் பேரன் ஒன்பதாம் வகுப்பு. அந்த வரியை அப்படியே ஒப்படையில் எழுதிச் 'சரி'யும் வாங்கி வந்துவிட்டான். பிழை என்றேன். "பேப்பரிலேயே போட்டிருக்கே அம்மப்பா" என்கிறான். 31 வருடம் கணிதம் படிப்பித்தவனின் பேச்சு உங்கள் பேப்பருக்கு முன் எடுபடவில்லை.

தாங்கள் அறியாததல்ல. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தச் சார்ல்ஸ் குட்இயர் காப்புரிமை பெற்றது 1844இல். இலங்கையில் ஹெனரத்கொடவுக்கு இறப்பர்க் கன்றுகள் வந்தது 1876இல். சிசிலித் தீவின் கிரேக்க நகரான சிரக்கூசில் அதன் ஆட்சியாளன் முதலாம் டயோனிசியஸ் கைவினைஞரைக் கூட்டிப் போர்ப்பொறிகள் செய்வித்ததோ கி.மு. 399இல். அமெரிக்கப் பழங்குடிகளுக்கு இறப்பர்ப் பால் முன்பே தெரியும், சரி. கிரேக்கன் அங்கே போய் வாங்கி வந்தானாமா?

இழுப்பு வேறு, முறுக்கு வேறு. சிறுவயதில் எங்கள் அயலில் ஒரு தச்சர் இருந்தார். சட்டம் போட்ட வாளின் மேல்பக்கம் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குவார். முறுக்க முறுக்க அலகு விறைக்கும். ஒருநாள் குச்சி கைதவறிச் சுழன்று அவர் பெருவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. மரத்தூளில் ரத்தம் சொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கயிற்றுக்குப் பதில் விலங்கின் தசைநாரோ மயிரோ, குச்சிக்குப் பதில் தடித்த மரக்கை. ஆதி எறிபொறி பெரிய வில்தான். பிறகு வந்தது இந்த முறுக்கு. கி.மு. 149இல் ரோமரை எதிர்க்க வட ஆபிரிக்க நகரான கார்த்தேஜின் பெண்கள் தலைமயிரை அறுத்துக் கொடுத்தது இந்தக் கயிற்றுக்குத்தான்.

"கனமூலம் எதுக்கு சேர்?" என்று கேட்காத வகுப்பே எனக்கு வாய்த்ததில்லை. பைசாந்தியத்துப் பிலோன் என்ற பழைய கிரேக்கப் பொறியியலாளர் சொன்ன கணக்கைத்தான் பதிலாகச் சொல்வேன். கல்லின் எடையை மினா என்ற கிரேக்க நிறை அலகில் எடுத்து நூறால் பெருக்கு, கனமூலம் காண், அதில் பத்திலொன்றைக் கூட்டு. முறுக்குக் கயிறு நுழையும் துளையின் விட்டம் விரற்கடையில் வந்துவிடும். 10 மினா, ஏறத்தாழ 4.4 கிலோ கல்லுக்குத் துளை 11 விரற்கடை. கல் எட்டு மடங்கு கனத்தால் துளை இரண்டே மடங்கு. இதைப் போட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் பென்சிலைத் தூக்கியிருப்பார்கள்! நீங்கள் போட்டது கெற்றப்போல் படம். பாரம் கட்டிய கிணற்றுத் துலாவைப் போல் பின்னாளில் ஐரோப்பாவில் வந்த பொறிகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அதுகூடப் போகட்டும். மதுரை மதிலில் 'கல்லுமிழ் கவண்' இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறதே, தமிழ்ப் பத்திரிகைக்கு அது எப்படி மறந்தது? என் தகப்பனார் வெல்லாவெளிப் பக்கம் ஒரு போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், வயல் வட்டையில் காவல் இருந்தவர். பரணில் நின்று கவண் சுழற்றுவார். கயிற்றின் ஒரு முனை விரலில் மாட்டியிருக்கும், மற்றது பெருவிரலுக்குள். அதை விடும் நொடிதான் வித்தை. வண்டல் நிலத்தில் கல்லுக்கு எங்கே போவது? களிமண் உருண்டைகளை வெயிலில் காயவைத்து வைத்திருப்பார். கிளிக் கூட்டத்தின் மேல் படாமல், பக்கத்தில் விழ எறிவார். இறப்பர் ஒரு துண்டும் கிடையாது. இப்போது அந்த வட்டையில் கிளி விரட்ட ஆளில்லை, இரவில் ஆனைவெடி கொளுத்தத்தான் ஆள். அதுவும் யாராவது செத்தால்தான் உங்களுக்குச் செய்தி.

மூன்று வருடத்துக்கு முன் இந்த ஆனைத் தொல்லையைப் பற்றித்தான் ஒரு கடிதம் எழுதினேன். பாதியை வெட்டினீர்கள், பரவாயில்லை. மிச்சத்தில் 'படுவான்கரை'யைப் 'பாடுவான்கரை' ஆக்கினீர்கள். மட்டக்களப்பில் மீன் பாடுவதால் கரையும் பாட வேண்டும் என்று நினைத்தீர்களாக்கும். வாவிக்கு மேற்கே, பொழுது படும் கரை ஐயா அது. பத்திரிகை எங்களுக்கு மத்தியானம் தாண்டி வருவதையும் பொறுத்துக்கொண்டுதான் வாங்குகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தமும், கயிறு முறுக்கிய பொறியின் படம் ஒன்றும் போடுங்கள். பேரனிடம் காட்ட வேண்டும். இக்கடிதத்தையும் சுருக்குவதானால் சுருக்குங்கள். படுவான்கரைக்கு மட்டும் அரவு (அந்த 'ா') போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.