எழுதியவர்கள் எழுதிவிட்டார்கள், அச்சேற்ற வேண்டியது நாம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

நம் சேகரத்துச் சபைகளைச் சேர்ந்த ஐந்து பேர் எழுதி முடித்த கையெழுத்துப் படிகள் எழுத்துப்பணிக் குழுவின் கையில் இருக்கின்றன. ஐந்தையும் வருகிற கிறிஸ்துமஸுக்கு முன் புத்தகமாகக் கொண்டுவர 2,00,000 ரூபாய் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த வேண்டுகோள்.

ஐவரில் ஒருவரும் இதற்கு முன் ஒரு வரி அச்சில் பார்த்தவரில்லை. பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கிய அக்கா ஒருவர், கணவர் போன பிறகு வேதத்திலுள்ள சங்கீதங்களை எப்படி வாசித்தார் என்று எழுதியிருக்கிறார். சில சங்கீதங்கள் வாயில் வரவே மறுத்தன என்றும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாமே என்று குழுவில் ஒரு குரல் எழுந்தது, மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. அந்த நூலுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், இரவு டியூட்டியில் நோயாளிகளின் கட்டிலருகே முணுமுணுத்த ஜெபங்களை எழுதியிருக்கிறார். சபை ஊழியம் செய்த வயதான உபதேசியார் ஒருவர் தாம் கட்டிய கீர்த்தனைகளை ராகம், தாளக் குறிப்போடு நோட்டுகளில் வைத்திருந்தார். மற்ற இரண்டும் சாட்சி நூல்கள். இவர்களை எழுதச் சொன்னவர் யாருமில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஏவுதல் தனி ஒருவருக்கு வருகிறது. அதற்காக அச்சுக்கூலியையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமா? நம் முன்னோர் அப்படிச் செய்யவில்லை. தரங்கம்பாடி மிஷனுக்கு 1712இல் வந்து சேர்ந்த அச்சு இயந்திரத்தை அனுப்பியது லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். அது முன்பின் பார்த்திராத மக்களுக்காகக் கொடுத்த நன்கொடை. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பணம் கட்டி மீட்க வேண்டியதாயிற்று. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. காகிதத் தட்டுப்பாட்டால் சிறிய எழுத்துகள் தேவைப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்பார்கள். அந்த மிஷனின் ஊழியர் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக வெளிவந்தது இப்படிப் பல கைகள் சேர்ந்துதான்.

நம்மூர்க் கதைக்கே வருவோம். 1774இல் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரை ஆதரித்தவர் தஞ்சை சரபோஜி மன்னர், கிறிஸ்தவரே அல்லர். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் காவியமான இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாயிற்று. அதற்கு முன்பே பல ஆண்டுகள் அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டு வந்தது நற்போதகம் இதழ். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியவர் அவர்தான்; ஆனால் அச்சுக் கோத்தவரும் சந்தா கட்டியவரும் இல்லாமல் அவை நம் கைக்கு வந்திருக்காது.

அசன விருந்துக்கு அரிசி வேண்டும் என்றால், ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு போய்ச் சேருமுன்பே மூட்டை வந்து இறங்குகிறது. புத்தகம் என்றால் மட்டும், "யாரு வாசிக்கப்போறா?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த அக்காவின் பக்கங்களைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்துவருகிறார்கள். எங்களிடம் இருக்கும் பதில் அதுதான்.

கணக்கு இது: நூல் ஒன்றுக்கு 500 பிரதிகள், தட்டச்சு, அட்டை, அச்சு எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 80 ரூபாய், ஆக, ஒரு நூலுக்கு 40,000. எழுதியவர்களுக்கு 25 பிரதிகள் இலவசம். விற்று வரும் பணம் அடுத்த கையெழுத்துப் படிக்கான நிதியில் சேரும்.

நூலில் நன்கொடையாளர் பட்டியல் போடமாட்டோம். மரித்தவர்களின் நினைவாகக் கொடுப்பவர்களுக்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. வரவு செலவு ஆலய அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டப்படும்.

ஒரு பிரதிக்கான 80 ரூபாயும் எங்களுக்குக் காணிக்கைதான். ஞாயிறு ஆராதனைக்குப் பின் பொருளாளரிடம் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் "எழுத்துப்பணி நிதி" என்று குறிப்பிட்டு சேகர அலுவலகத்துக்கு அனுப்பலாம். செப்டம்பர் 30க்குள் கிடைத்தால் அச்சகத்துக்கு முன்பணம் கட்டிவிடுவோம். பணம் தர இயலாதவர்களில் மெய்ப்புத் திருத்தத் தெரிந்தவர்கள் இருந்தால் உடனே சொல்லுங்கள். உபதேசியாரின் கையெழுத்தைப் படிக்கப் பொறுமையும் நல்ல கண்ணாடியும் வேண்டும்.

இப்படிக்கு,
எழுத்துப்பணிக் குழுவினர்