நான்கு சுற்றுகள் எதற்கு? நண்பனுக்கு ஒரு கடிதம்

திருவாரூர்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் இணைத்திருந்த கேள்வித்தாளும் கிடைத்தன. இங்கு அனைவரும் நலம். மகளுக்குச் சொந்த ஊருக்கே பணிமாற்றம் கிடைத்துவிட்டதால் வீடு மீண்டும் கலகலப்பாகியிருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பொது அறிவுப் போட்டியை நடத்தும் பொறுப்பை நீ ஏற்றிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கேள்விகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய், ஒளிக்காமல் சொல்கிறேன்.

வரலாறு, இலக்கியம், திரைப்படம், தொலைக்காட்சி என்று நான்கு சுற்றுகளாகப் பிரித்திருக்கிறாய். அந்தப் பிரிவினை வேண்டாம் என்பேன். நல்ல கேள்வி ஒரு துறையில் தொடங்கி இன்னொரு துறைக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும். தமிழின் முதல் பேசும்படம் எது என்று கேட்டால், 'காளிதாஸ்' என்று நொடியில் சொல்லிவிட்டு அடுத்த நொடியில் மறந்துவிடுவார்கள். அதிலும், 1931 அக்டோபர் 31 அன்று வெளியான அந்தப் படத்தில் தமிழோடு தெலுங்கும் ஒலித்ததால், விடையின்மேல் வாதம் எழவும் இடமுண்டு. அதற்குப் பதிலாக, அந்தப் படத்தில் கதாநாயகியாக நடித்து, பின்னர் தாம் எழுதிய நாவலையே 1936இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் இயக்கியவர் யார் என்று கேட்டுப் பார். டி.பி.ராஜலட்சுமி என்ற விடையோடு, தமிழில் படம் இயக்கிய முதல் பெண்மணி அவரே என்ற செய்தியும் சேர்ந்து வரும்.

தொலைக்காட்சிப் பகுதியில் தொடர்களின் பெயர்களை மட்டுமே கேட்டிருக்கிறாய். 1972இல் பிபிசி தொடங்கிய 'மாஸ்டர்மைண்ட்' என்ற வினாடி வினா நிகழ்ச்சியை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட விமானப்படை வீரர். பெயர், பதவி, எண் ஆகியவற்றை மட்டுமே சொல்லக் கடமைப்பட்ட போர்க்கைதியாக விசாரணையை எதிர்கொண்ட அவரது அனுபவமே, இருண்ட அரங்கில் கறுப்பு நாற்காலியில் தனியே அமர்ந்து பதில் சொல்லும் அந்த நிகழ்ச்சிக்கு வடிவம் தந்தது. இது வரலாறா, தொலைக்காட்சியா?

விடைகளை ஒரே புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறாய் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அமெரிக்காவில் பிரெட் வொர்த் என்பவர் 1974இல் வெளியிட்ட பொது அறிவுக் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சேர்த்துவைத்தார். தம் நூலைப் பார்த்து எழுதுபவர்களைப் பிடிப்பதற்கு அவர் விரித்த வலை அது. கனடாவில் உருவாகி 1981இல் விற்பனைக்கு வந்த 'ட்ரிவியல் பர்சூட்' என்ற விளையாட்டில் அதே பிலிப் விடையாக இடம்பெற்றது. வொர்த் 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அவருடைய நூலையும் பயன்படுத்தியதாக விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும், தகவல்களுக்கு எவரும் பதிப்புரிமை கோர முடியாது என்ற அடிப்படையில் வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால், அந்தத் தொடரின் ஒரு காட்சியில் கொலம்போவின் அடையாள அட்டையில் பிராங்க் என்ற பெயர் தெரிகிறது. படத்தையே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பிழை அது. பிள்ளைகள் நாம் சொல்வதை நம்பி எழுதிக்கொள்வார்கள் என்பதால், ஒவ்வொரு விடையையும் அதன் மூலத்திலேயே சரிபார்த்துவிடு.

உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களுக்கு நீ குறித்திருக்கும் ஆண்டுகள் சரியானவை: சீவக சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. ஆனால் ஆண்டை மட்டும் கேட்டு என்ன பயன்? 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று தாம் கற்றவற்றை அடுக்கிய ஐயரிடம், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். சிற்றிலக்கியங்களில் ஊறியிருந்த அந்தத் தமிழாசிரியரை ஏடு தேடி ஊர் ஊராக அலையவைத்தது அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டவர் யார் என்பதை உன் தாளில் சேர்த்துக்கொள். ஆண்டைக் கேட்கும் மூன்று கேள்விகளையும் நீக்கிவிடலாம்.

திருத்திய தாளைப் போட்டிக்கு முன் அனுப்பினால், இங்குள்ள நூலகத்தில் இலக்கிய விடைகளை நானே பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கோபாலன்