விழித்திரைப் பரிசோதனைக்குக் காசு வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு மட்டும் பார்த்தது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உங்கள் நிறுவனம் நடத்திய கண் முகாமைப் பற்றி எழுதுகிறேன். "சீனி நோயாளருக்கு விழித்திரைப் பரிசோதனை, ஆளுக்கு 1,500 ரூபாய்" என்று நீங்கள் லயம் லயமாக, எங்கள் வீட்டு வரிசைகளில் எல்லாம் கொடுத்த துண்டுப்பிரசுரம் என் கையில் இருக்கிறது. அதை நம்பித்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சுகர். அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல், நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றவர்களும் நிறையப் பேர்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், டோர்ச் அடித்தார்கள். அவ்வளவுதான். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடவில்லை. சொட்டு போடாமலே விழித்திரையைப் படம் எடுக்கும் கெமராக்கள் உண்டு, அதுவும் அங்கே இல்லை. கேட்டதற்கு, "கெமரா டவுன் கிளையில இருக்கு, இந்த ரோட்டுல கொண்டு வர ஏலாது" என்றார் உங்கள் ஊழியர். சரி, ரோட்டின் நிலைமை எங்களுக்கும் தெரியும். அப்படியானால் செய்ய முடியாத பரிசோதனைக்கு ஏன் காசு வாங்கினீர்கள்? கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். சீனி நோய்க்கான கண் பரிசோதனை செய்யப்பட்டது, குறை எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அதோடு கண்ணாடிக்கு ஓடர் எடுக்கும் படிவம்.

அந்த அட்டைதான் என் முக்கியமான புகார். காசு அதற்கு அடுத்ததுதான்.

சீனி கூடுதலாக இருக்கும்போது விழித்திரையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து கசியத் தொடங்கும். ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. பலகையின் கடைசி வரி வரை படிக்கிறவருடைய விழித்திரையிலும் இரத்தக் கசிவு இருக்கலாம். அதனால்தான் அம்மாவைப் போல இரண்டாம் வகைச் சீனி நோய் உள்ளவர்கள், நோய் தெரிந்த உடனேயே ஒரு தடவையும் பிறகு வருடா வருடமும் கண்ணின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சை இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. பிந்திப் போனால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. கண் பரிசோதனையைத் தொழிலாகச் செய்யும் உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, "சொட்டு மருந்து போட்டாங்களா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். இல்லை என்றதும் கண் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே சொட்டு போட்டுக் காத்திருக்க வைத்துப் பார்த்தபோது, இரண்டு கண்ணிலும் பாதிப்பு, வலது கண்ணில் பார்வையின் மையத்தில் வீக்கமும் இருப்பது தெரிந்தது. இப்போது சிகிச்சைக்குக் கண்டிக்குப் போய் வருகிறோம். அம்மா ஆஸ்பத்திரிக் கிளினிக்கைத் தவறவிடாதவர் என்பதால் தப்பினார். அடுத்த லயத்து அத்தை உங்கள் அட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "என் கண்ணு நல்லாத்தான் இருக்காம், இனி இந்த வருஷம் பஸ் ஏறி அலைய வேணாம்" என்கிறார். நான் எடுத்துச் சொன்னேன். அச்சடித்த அட்டையை விட என் வாய்ப் பேச்சை ஏன் நம்ப வேண்டும் என்றுதான் அவருக்கு இருக்கிறது. இப்படி எத்தனை வீட்டில் அந்த அட்டை இருக்கிறது என்பது உங்கள் பதிவேட்டில்தான் இருக்கும்.

உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் தமிழுக்கு என்று சொல்லும் எண்ணை அழுத்தியதும் இணைப்பு அறுந்துவிடுகிறது. கிளையில் கேட்டால் கொழும்புக்கு எழுதச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று வந்த எல்லோருக்கும், விழித்திரை பார்க்கப்படவில்லை, அட்டையை நம்பி இருக்க வேண்டாம் என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். தொலைபேசி எண் கொடுத்தவர்களுக்கு அழைத்தும் சொல்லுங்கள். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் தோட்டத்துப் பிரட்டுக் களத்திலும் அறிவித்தல் ஒட்டுங்கள். ஒன்றில் கெமராவோடும் தகுதியான ஆட்களோடும் திரும்பி வந்து பரிசோதனையை இலவசமாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லோருடைய காசையும் திருப்பிக் கொடுங்கள். இனிமேல் கண்ணாடி முகாம் என்றால் கண்ணாடி முகாம் என்றே துண்டுப்பிரசுரத்தில் போடுங்கள். கண்ணாடிக்குப் பார்ப்பதும் எங்கள் ஆட்களுக்குத் தேவையான சேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும், தனியார் சுகாதாரச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கும் இதே கடிதத்தை அனுப்புவேன். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே மற்றவர்களுக்கு அறிவிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
முகாமுக்கு வந்த ஒரு நோயாளியின் மகள்

இணைப்பு: பற்றுச்சீட்டு, அட்டை, துண்டுப்பிரசுரம் ஆகியவற்றின் பிரதிகள்